சென்னை சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தின் வரலாறு

சென்னை சென்ட்ரல் மெட்ரோ நிலையம், சென்னை மெட்ரோ இரயில் வலையமைப்பின் மிகப்பெரிய சுரங்க நிலையம் ஆகும். சென்ட்ரல் தொடருந்து நிலையத்துக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் அருகில், நிலத்துக்கு அடியில் அமைந்துள்ள இதன் பரப்பு 70,000 சதுர மீட்டருக்கும் அதிகம். மெட்ரோவின் நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் இங்கே ஒன்றன் கீழ் ஒன்றாகக் கடந்து செல்கின்றன. 2020 முதல் இது 'புரட்சித் தலைவர் டாக்டர் எம். ஜி. இராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ' என்னும் பெயரில் அழைக்கப்படுகிறது.

இந்நிலையத்தின் முக்கியத்துவம் அதன் அளவில் மட்டும் இல்லை. நூறாண்டுக்கும் மேலாகப் பிரிந்து கிடந்த சென்ட்ரலையும் எழும்பூரையும் இது மெட்ரோவில் ஒரே நிறுத்தத் தொலைவில் இணைத்தது. அந்தப் பிரிவு ஏன் ஏற்பட்டது என்பதை அறிந்தால்தான் இணைப்பின் பயன் விளங்கும்.

இரு நிறுவனங்கள், இரு பாதைகள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடருந்து 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. இதை இயக்கிய மெட்ராஸ் இரயில்வே நிறுவனம் 1,676 மி.மீ. அகலப் பாதையைப் பயன்படுத்தியது. அந்நிறுவனத்தின் சென்ட்ரல் நிலையம் 1873இல் திறக்கப்பட்டது.

தெற்கு மாவட்டங்களுக்குச் சென்ற தென்னிந்திய இரயில்வேயோ, செலவைக் குறைக்கும் நோக்கில் 1,000 மி.மீ. மீட்டர் பாதையைக் கைக்கொண்டது. அதன் எழும்பூர் நிலையம் 1908 சூன் 11 அன்று திறக்கப்பட்டது. இரண்டு நிலையங்களுக்கும் இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓட முடியாது.

1951இல் இரண்டும் தெற்கு இரயில்வேயின் கீழ் வந்த பின்னும் நிலைமை மாறவில்லை. நிர்வாகம் ஒன்றானது, தண்டவாளங்கள் ஒன்றாகவில்லை. மதுரையிலிருந்து வந்து தில்லிக்குச் செல்பவர் எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரலுக்குப் போக வேண்டியிருந்தது. பிற்காலத்தில் எழும்பூர்ப் பாதை அகலப் பாதையான போதும் இந்த அலைச்சல் தீரவில்லை. சென்ட்ரல் ஒரு முனைய நிலையம். அதன் தண்டவாளங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

தாம்பரம் மின்தொடர்வண்டி

தென் புறநகர் மக்களுக்கு வேறொரு வழி இருந்தது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் இடையே 1931 மே மாதம் மீட்டர் பாதையில் மின்தொடர்வண்டிச் சேவை தொடங்கியது. இந்தப் பாதையிலுள்ள பூங்கா நிலையம் சென்ட்ரலுக்கு எதிர்ப்புறம் உள்ளது. தாம்பரம், இரும்புலியூர் பகுதி மக்கள் பூங்கா நிலையத்தில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து சென்ட்ரலை அடைந்தனர். அரசு பொது மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் இறங்குவதும் இங்கேதான். நகரின் மிக நெரிசலான சாலைகளுள் ஒன்றை நாள்தோறும் பல்லாயிரம் பேர் கடக்க வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம்.

நிலத்துக்கு அடியில்

உலகின் முதல் சுரங்க இரயில் 1863இல் இலண்டனிலும், இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் கொல்கத்தாவிலும் ஓடத் தொடங்கின. சென்னை மெட்ரோ இரயில் நிறுவனம் 2007 திசம்பரில் அமைக்கப்பட்டது. கட்டுமானம் 2009இல் தொடங்கியது. முதற்கட்டத்தின் சுமார் 45 கி.மீ. நீளத்தில் பாதிக்கும் மேல் சுரங்கப்பாதை ஆகும்.

சுரங்கப்பாதையும் சுரங்க நிலையமும் ஒரே முறையில் கட்டப்படுவதில்லை. பாதையைத் துளையிடும் இயந்திரம் குடைந்து செல்லும். பின்னாலேயே கற்காரை வளையங்கள் பொருத்தப்படும். நிலையத்துக்கோ முதலில் சுற்றிலும் ஆழமான கற்காரைச் சுவர் எழுப்பி, மண் சரியாதபடி காத்து, உள்ளே தோண்ட வேண்டும். சென்ட்ரல் பகுதியில் பணி எளிதாக இருக்கவில்லை. 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் கட்டடமும் விக்டோரியா பொது மண்டபமும் அருகிலேயே உள்ளன. எனவே நில அசைவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருந்தது.

சென்னை மண்ணும் ஒரே தன்மையுடையதன்று. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மணலும் களிமண்ணும், சைதாப்பேட்டையை நோக்கிச் செல்லச் செல்லக் கடும்பாறையும் உள்ளன. 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் மெட்ரோ பணி நடந்த இடத்துக்கு மேலே சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. மண்ணுக்கு அடியில் நடக்கும் வேலையின் இடர் எத்தகையது என்பதை நகரம் அன்று நேரில் கண்டது. அண்ணா சாலைப் பகுதிக்கான ஒப்பந்தம் இடையில் முறிந்து, மறு ஒப்பந்தம் போட நேர்ந்ததும் காலத்தாழ்வுக்கு ஒரு காரணம்.

திறப்பு

தமிழ்நாட்டின் முதல் சுரங்க மெட்ரோ சேவை திருமங்கலம் – நேரு பூங்கா இடையே 2017 மே 14 அன்று தொடங்கியது. நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாகச் சென்ட்ரல் வரை 2018 மே 25 அன்று நீட்டிக்கப்பட்டது. எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டு 110 ஆண்டுகளுக்குப் பின், அங்கிருந்து சென்ட்ரல் அடுத்த நிறுத்தமானது. 2019 பிப்ரவரி 10 அன்று அண்ணா சாலை, வண்ணாரப்பேட்டைப் பகுதிகள் சேர்ந்ததும் இது இரு வழித்தடங்களின் சந்திப்பாயிற்று.

எஞ்சியுள்ள இடைவெளி

மெட்ரோவின் தண்டவாள அகலம் 1,435 மி.மீ. ஆகும். அதாவது சென்னைக்கு வந்த மூன்றாவது அளவு இது. புறநகர் வண்டி மெட்ரோ பாதையில் ஓட இயலாது; மெட்ரோ வண்டியும் புறநகர்ப் பாதையில் ஓட இயலாது. ஆகவே இணைப்பு என்பது பயணி எவ்வளவு தொலைவு நடக்க வேண்டும் என்பதைப் பொறுத்ததாகிறது. கிண்டியிலும் பரங்கிமலையிலும் இரு நிலையங்களும் அடுத்தடுத்து இருப்பதால், தாம்பரத்திலிருந்து வருவோர் அங்கே மாறிக்கொள்ளலாம்.

தெற்கே நீல வழித்தடம் விமான நிலையத்துடன் நின்றுவிடுகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 திசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டங்களுக்குச் செல்வோர் நகரின் எல்லை வரை வர வேண்டியுள்ளது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கி.மீ. மேம்பாலப் பாதை திட்டமிடப்பட்டுள்ளது. அதன் உத்தேச நிலையங்களுள் இரும்புலியூரும் ஒன்று. அது நிறைவேறினால், இரும்புலியூரில் ஏறுபவர் சாலையைக் கடக்காமல், வண்டி மாறாமல், நேரே சென்ட்ரலின் அடித்தளத்தில் இறங்கலாம்.