விலை மட்டும் உரிமையாகுமா?

நில ஆர்ஜிதத்தின் வரலாறு பெரும்பாலும் இழப்பீடு வளர்ந்த கதையாகவே சொல்லப்படுகிறது. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் சந்தை மதிப்புக்கு மேல் 15 விழுக்காடு ஆறுதல் தொகை கொடுத்தது. 1984-இல் அது 30 ஆனது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 ஆனது. ஆனால் உழவருக்கு அதிகம் மறுக்கப்பட்டது வேறோர் உரிமை: தன் நிலத்தை எடுப்பது அவசியம்தானா என்று கேட்டுப் பதில் பெறும் உரிமை. 1894 சட்டத்தில் ஆட்சேபனை சொல்லத் தொடக்கத்தில் வழியே இல்லை. 1923-இல்தான் 5-ஏ பிரிவு சேர்ந்தது. கெஜட் அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் மனுக் கொடுக்க முடிந்தது. கலெக்டர் விசாரித்து அறிக்கை அனுப்புவார். முடிவு மட்டும் அரசிடமே இருந்தது. அவசரம் என்று 17-ஆம் பிரிவைக் காட்டி அந்த விசாரணையையும் தவிர்க்க முடிந்தது. விடுதலைக்குப் பின் 66 ஆண்டுகள் இதே ஏற்பாடுதான் நீடித்தது.

பட்டாதாரர் ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டுமென்றால் சாலையும் கால்வாயும் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆனால் 2013 சட்டம் அப்படிக் கேட்கவில்லை. அரசின் சொந்தத் திட்டங்களுக்குச் சம்மதம் தேவையில்லை. தனியார் நிறுவனங்களுக்கு எடுக்கும்போது 80 விழுக்காட்டினரும், அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 விழுக்காட்டினரும் இசைய வேண்டும். நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடும் நடக்க வேண்டும். அந்த மதிப்பீட்டில் பட்டா இல்லாத குத்தகைதாரரும் விவசாயக் கூலிகளும் கணக்கில் வந்தார்கள்.

தமிழ்நாடு 2013 சட்டத்தில் 105-ஏ பிரிவைச் சேர்த்து, 1978, 1997, 2001-ஆம் ஆண்டுகளின் மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அந்த நடைமுறையிலிருந்து விலக்குப் பெற்றது. இழப்பீடு புதிய கணக்கில் கிடைக்கும். சம்மதமும் தாக்க மதிப்பீடும் கிடையா. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மூன்று சட்டங்களும் செல்லாதவை என்றது. மாநில அரசு புதுச் சட்டம் இயற்றி அவற்றை மீட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டத்தை ஏற்றது. 1978 சட்டம் ஆதிதிராவிடர் நலத்துக்கானது. காலங்காலமாக நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு வீட்டுமனை கொடுக்க விரைவு வேண்டும் என்பது நியாயம். அந்த நியாயம் 1997 சட்டத்தின் தொழிற்பேட்டைக்கோ 2001 சட்டத்தின் சாலைக்கோ பொருந்தாது. சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பு வந்தபின் சட்டமன்றத்தின் பொறுப்புதான் கூடுகிறது. தொழிலுக்காகவும் சாலைக்காகவும் நிலம் எடுக்கும் சட்டங்களிலாவது தாக்க மதிப்பீட்டை அது திரும்பச் சேர்க்க வேண்டும்.