இரண்டு விரல் சாட்சி

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நடவு முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. எப்படியோ பஸ் பிடித்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறாள். அவளுக்கு முதலில் என்ன வேண்டும்? மருந்தும் ஆறுதலும் என்பீர்கள். ஆனால் நம் நாட்டு மருத்துவம் வெகுகாலம் கேட்ட முதல் கேள்வி வேறு: ‘இவள் சொல்றது நிஜமா?’

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வம்சாவளியே உண்டு. பிரான்ஸில் தொய்னோ என்ற டாக்டர் 1898-ல் எழுதி வைத்தது, ஆங்கிலம் வழியாகக் கப்பலேறி இங்கே வந்தது. 1920-ல் முதல் பதிப்பு கண்ட மோடியின் சட்ட மருத்துவ நூலை (இவர் டாக்டர் ஜெய்சிங் மோடி!) தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் உருப்போட்டார்கள். பெண்ணின் உறுப்புக்குள் டாக்டர் இரண்டு விரல்களை விட்டுப் பார்ப்பார். சுலபமாகப் போனால் ‘உடலுறவுக்குப் பழக்கப்பட்டவள்’ என்று எழுதிவிடுவார். பலாத்காரம் நடந்ததா என்பதற்கும் இதற்கும் துளி சம்பந்தம் கிடையாது. கல்யாணமானவளுக்கு யாரும் கொடுமை செய்ய முடியாதா, என்ன?

1972-ல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கதி தெரிந்திருக்கும். செஷன்ஸ் கோர்ட் அவளைப் ‘பழக்கப்பட்டவள்’ என்றது. 1978-ல் சுப்ரீம் கோர்ட், உடம்பில் காயமில்லையே என்று இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. மறுவருஷம் நான்கு சட்டப் பேராசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுத, நாடே கொதித்தது. 1983-ல் சட்டம் மாறியது. 2003-ல், அவளது நடத்தையைக் கோர்ட்டில் கிளறலாம் என்ற பிரிவும் போனது.

விரல்கள் மட்டும் போகவில்லை!

2013-ல் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் கூடாது என்றது. அப்புறமும் நடந்ததே! தஞ்சாவூர் வழக்குகளும் போய்ச் சேருகிற ஐகோர்ட் மதுரைக் கிளை, சிறுமிகளுக்குக்கூட இது நடப்பதைக் கண்டு, தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது 2022 ஏப்ரலில்தான். அக்டோபர் 31-ல் சுப்ரீம் கோர்ட் ஒருபடி மேலே போய், இனி இதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளி, பாடத்திட்டத்திலிருந்தே தூக்குங்கள் என்றது.

சரி, நம் பெண் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறாளே! ‘போலீஸ் கடுதாசி எங்கேம்மா?’ என்று அவளைத் திருப்பியனுப்ப முடியாது. 2013 முதல், தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாக உடனே சிகிச்சை தந்தாக வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை ஜெயில். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டங்களிலும் இது அப்படியே இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். கர்ப்பத் தடை மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். சாட்சியத்துக்கான பரிசோதனை வேண்டாமென்று அவள் சொல்லலாம். அப்போதும் மருந்தை மறுக்க எந்த டாக்டருக்கும் உரிமையில்லை.