போர்க்கள முதலுதவி

யுத்தகளத்தில் ஆயுதத்தாலோ தீயாலோ காயமுற்ற ஒருவனை முறையான சிகிச்சைக்குக் கொண்டு சேர்க்கும் வரையில், அவன் பிராணன் போகாதபடி விழுந்த இடத்திலேயே செய்யும் பரிகாரங்கள் போர்க்கள முதலுதவி எனப்படும். இரத்தப்பெருக்கை நிறுத்துதல், மூச்சுத் தடைப்படாமல் காத்தல், முறிந்த எலும்பை அசையாது கட்டுதல், அதிர்ச்சியைத் தணித்தல் ஆகியவை இதில் அடங்கும். அதிர்ச்சி என்று வைத்தியர் கூறுவது, இரத்த ஓட்டம் தளர்ந்து உறுப்புகளுக்குப் போதிய பிராணவாயு சென்று சேராத தேகநிலையாகும். நாடி விரைந்து மெலியும், தோல் வெளிறிக் குளிர்ந்து வியர்க்கும், நினைவு மங்கும். வயது வந்த மனிதனின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு; அதில் ஐந்திலொரு பங்குக்கு மேல் போய்விட்டால் இந்நிலை தோன்றத் தொடங்கும்; தொடைப் பெருந்தமனி அறுந்தவனோ சில நிமிஷங்களிலேயே மாண்டுபோகக் கூடும். ஆகவே புண்பட்டவனுக்கும் வைத்தியனுக்கும் நடுவே கிடந்த தூரம் எவ்வாறு படிப்படியாகக் குறைந்தது என்பதே இக்கலையின் சரித்திரத்தில் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது.

பழந்தமிழ் நாட்டில் இத்தூரத்தைக் கடந்தவள் பெரும்பாலும் வீரனின் மனைவியே. புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதபடி அவள் காக்கும் துறையைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்று வகுத்துள்ளது. வீட்டிறைப்பில் வேப்பிலையும் இரவமரத்தழையும் செருகி, வெண்சிறுகடுகு சிதறி, நறும்புகை காட்டி, யாழ் முதலிய இசை எழுப்பிக் காயம்பட்டவனைக் காத்த வழக்கம் அரிசில் கிழாரின் புறநானூற்றுச் செய்யுளொன்றில் விரிவாகக் காணப்படுகிறது. பேய் என்று அவர்கள் அஞ்சியது புண் சீழ்பிடித்த பின் வரும் ஜுரத்தையும் பிதற்றலையுமாக இருக்கலாம் என்பது நமது ஊகம். வேம்பும் புகையும் ஈயை ஓட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை. நீண்ட வெள்ளூசியால் மார்புப் புண்ணைத் தைத்ததைப் பதிற்றுப்பத்தும், புண்ணின்மேல் பஞ்சு வைத்துக் கட்டியதைப் புறநானூறும் குறிக்கின்றன. நெடுநல்வாடையில், வாடை வீசும் நள்ளிரவில் பாண்டியன் பாசறையினூடே நடந்து புண்பட்ட வீரரைப் பார்த்துவருகிறான்.

வடமொழியில் சுசுருத சம்ஹிதை சேனையோடு செல்லும் வைத்தியனுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அவன் கூடாரம் அரசன் கூடாரத்துக்கு அருகில் இருக்க வேண்டுமென விதிக்கிறது. துவர்ப்புப் பொருளால் புண்வாயைச் சுருக்குதல், குளிர்ச்சியால் இரத்தத்தை உறையச் செய்தல், சாம்பலிடுதல், சுட்டுத் தீய்த்தல் என இரத்தத்தை நிறுத்தும் வழிகளை அந்நூல் நான்காக வகுத்தது.

பீரங்கியும் துப்பாக்கியும் வந்தபின் புண்ணின் தன்மையே மாறிற்று. வைத்தியனோ நெடுங்காலம் சேனைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டான். சென்னைக் கோட்டைக்கு மேற்கே ஏறக்குறைய 13 மைல் தூரத்திலுள்ள பூந்தமல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களும் நோயுற்றுத் தேறிவருவோரும் தங்கும் இராணுவ டிப்போவாக விளங்கிற்று. களத்தில் விழுந்தவன் டூலி என்னும் தூக்குப்படுக்கையில் சுமக்கப்பட்டு, மாட்டுவண்டியில் குலுங்கி, இத்தகைய ஓரிடத்தை அடைவதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். இங்கு வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பிழைத்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1835இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பட்டாளங்களுக்கு வேண்டிய துணை வைத்தியர்களான அப்போதிகரிகளையும் புண்கட்டுவோரான டிரெஸ்ஸர்களையும் பயிற்றுவித்ததால், களத்துக்கருகில் வைத்தியர் இல்லாத குறை ஓரளவு நீங்கியது. அதற்கு முன்பே, நெப்போலியனின் சேனை வைத்தியரான லாரே, குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளைச் சண்டை நடக்கும்போதே களத்துக்குள் ஓட்டிச் சென்று ஐரோப்பாவுக்கு வழிகாட்டியிருந்தார்.

முதல் உலக யுத்தத்தின் தொடக்கத்தில் தொடையெலும்பு முறிந்த சிப்பாய்களில் நூற்றுக்கு 80 பேர் வரை இறந்தனர். தாமஸ் பட்டை என்னும் இரும்புச் சட்டத்தைக் களத்திலேயே பூட்டும் வழக்கம் வந்தபின் அது 20க்கும் கீழே இறங்கியது. எலும்பு அசையாதிருந்தால் உள்ளிரத்தப்பெருக்கும் வலியும் தணிந்து அதிர்ச்சி குறையும் என்பதே அதன் இரகசியம். 1917இல், உறையாதிருக்கச் சிட்ரேட் சேர்த்துக் காப்பாற்றிய இரத்தம் போர்முனையில் ஏற்றப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா உலர்த்தி அனுப்பப்பட்டது.

தூரத்தை முற்றிலும் வென்ற நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கொரிய யுத்தத்தைத்தான் சொல்ல வேண்டும். லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், 1941இலேயே பாரசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். சண்டையிடும் படை எதையும் அனுப்பாத இந்தியா, 1950 நவம்பரில் அவர் தலைமையில் 60ஆவது பாரசூட் பீல்டு ஆம்புலன்ஸ் என்னும் களமருத்துவப் பிரிவை அனுப்பிற்று. டிசம்பரில் சீனச் சேனை நெருங்க, பியோங்யாங்கைவிட்டு எல்லோரும் பின்வாங்கியபோது, மருத்துவ உபகரணங்களை ஏற்றிச் செல்ல வாகனமில்லை. அவற்றை அழித்துவிட்டுப் போவதே சுலபம். ரங்கராஜின் பிரிவினரோ கைவிடப்பட்ட ஒரு ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கொதிகலனை நிரப்பி, பாலங்கள் தகர்க்கப்படுமுன் தாங்களே அதை ஓட்டிச் சென்றுவிட்டனர். உபகரணமில்லாத வைத்தியன் வேடிக்கை பார்ப்பவனே என்பதை அறிந்தவர்கள் அவர்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-நியில் அமெரிக்கப் பாரசூட் படையோடு ரங்கராஜும் அவருடைய சிறு குழுவும் வானிலிருந்து குதித்து, இறங்கிய இடத்திலேயே சிகிச்சை நடத்தினர். அவருக்கு மகாவீர் சக்ரா என்னும் வீர விருது அளிக்கப்பட்டது.

போர்க்கருவி மாறினால் காயமும் மாறும். சென்னையை அடுத்த ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. டாங்கி வீரன் அஞ்ச வேண்டிய காயம் தீப்புண்; அதில் இரத்தம் சிந்தாவிட்டாலும் உடல்நீர் கசிந்து வற்றுவதால் அதே அதிர்ச்சி நேரும். ஆதலால் காயத்தைப் பொறுத்தே பரிகாரமும் வேறுபடும். இரத்தம் பீறிடும் கை கால்களுக்கு இறுக்குக் கட்டு, கட்டிய நேரத்தைக் குறித்து வைத்தல், உடலைக் குளிரவிடாமல் போர்த்தல் என்பனவே இன்றைய களவிதி. தசை அழுகிவிடும் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த இறுக்குக் கட்டு, ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களின் அனுபவத்தால் மீண்டும் முதலிடம் பெற்றுள்ளது.

இப்பாடங்கள் இன்று சாலைக்கு வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. சாலை விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. ஆயினும் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ லாரி மோதி விழுந்தவனுக்கு ஆம்புலன்ஸ் வருமுன் உள்ள நிமிஷங்களே முக்கியமானவை. சுத்தமான துணியை மடித்துப் புண்மேல் வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க எவராலும் முடியும். போலீஸ் விசாரணைக்கு அஞ்சி ஒதுங்கவும் வேண்டியதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் தம் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.