மிதிவண்டியும் ஓய்வுநாளும்

ஆலயத்தின் பக்கச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்ட கறுப்பு மிதிவண்டி. அதன் கைப்பிடியில் தொங்கும் துணிப்பை. பைக்குள்ளே ஞானோபதேசப் புத்தகமும் செபமாலையும். நம் தருமபுரி மறைமாவட்டத்தின் பழைய பங்குகளில் வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. அது உபதேசியாரின் வண்டி. திருப்பலி எப்போது என்று கிளைக்கிராமங்களுக்கு அறிவித்ததும், நோயாளிக்கு அவசரம் என்று பங்குத்தந்தையை அழைத்து வந்ததும், மரித்தவர் வீட்டிற்கு முதலில் போய்ச் சேர்ந்ததும் அந்த வண்டிதான். உழைப்பைத் தவிர வேறொன்றும் அறியாத வண்டி அது.

அந்த உபதேசியார்களுக்கு வழிகாட்டிய குருக்கள் பலர் பிரான்சு நாட்டிலிருந்து வந்தவர்கள். 1658-இல் தொடங்கப்பெற்ற பாரிசு அந்நிய வேதபோதக சபையினர், இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்ட பின்னர், 1776-இல் தமிழகப் பணித்தளத்தின் பொறுப்பை ஏற்றனர். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயரான ஹென்றி புருனியே அச்சபையைச் சார்ந்தவரே. அந்தச் சேலத்திலிருந்து 1997-இல் பிரிந்ததே நம் மறைமாவட்டம். கோவிலூர், எலத்தகிரி போன்ற நம் பழைய கிறித்தவ ஊர்களின் வரலாறு பிரெஞ்சுக் கிராமங்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

அந்தக் கிராமங்களில், அதே காலத்தில், மிதிவண்டி வேறொரு பணியையும் செய்துகொண்டிருந்தது. மக்களை வேலைக்கு மட்டுமன்றி ஓய்வுக்கும் அது அழைத்துச் சென்றது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பட்டு வணிகர் ஒருவர்

1860-களில் பாரிசு நகரில் பியேர் மிஷோ என்பவரின் பட்டறையில், முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்திய ஈருருளிகள் உருவாயின. அவை உலுக்கிய உலுக்கில் எலும்பு நோகும். இங்கிலாந்தில் 1885-இல் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவான வண்டியும், 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்த பிறகே அது எளிய மனிதர் ஏறும் வாகனமாயிற்று.

அக்காலத்தில் பிரான்சின் சேன் எத்தியேன் நகரில் பட்டு வாணிபம் செய்துவந்தவர் போல் தெ விவீ. 1853-இல் பிறந்தவர். மிதிவண்டியின் மேல் கொண்ட காதலால் பட்டை விட்டு வண்டிக்கடை வைத்தார். 1887-இல் அதற்கெனவே ஓர் இதழையும் தொடங்கி, 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதினார். பட்டுக்கூடு அங்காடியைக் கொண்ட நம் தருமபுரிக்கு இந்தப் பட்டு வணிகரின் கதை சற்று நெருக்கமானதே.

பந்தயக்காரர்கள் வேகத்தைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் பயணத்தைப் பேசினார். மலையும் மேடும் நிறைந்த நாட்டில் வயதானவரும் களைப்பின்றி ஏற வேண்டுமென்று, பல்சக்கரங்களை மாற்றும் கருவிக்காக வாதாடினார். 'அது வலிமையற்றோர்க்கு உரியது' என்று பந்தய உலகம் எள்ளி நகையாடியது. பிரான்சின் பெரும் பந்தயமான 'தூர் தெ பிரான்ஸ்' 1937 வரை அக்கருவியை வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. இன்று அது இல்லாத சாலைப் பந்தய வண்டியைக் காண்பது அரிது.

பயணிகளுக்கு அவர் சில அறிவுரைகளை வகுத்தார். பசிக்குமுன் உண்ணுதல், தாகத்திற்குமுன் பருகுதல், உடல் சோர்ந்து வெறுக்கும் அளவுக்கு ஓட்டாதிருத்தல் என்று அவை நீள்கின்றன. எல்லாவற்றிலும் முடிவானது, பிறர் மெச்ச வேண்டும் என்னும் வீண் பெருமைக்காக ஒருபோதும் மிதிக்கலாகாது என்பது. தவக்கால மறையுரையில் கேட்பது போலத் தோன்றும் இவ்வறிவுரை, வண்டிக்கடைக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நண்பர்களோடு தென்பகுதியான ப்ரொவான்சு நாட்டுப்புறத்திற்குப் பயணம் போவது அவர் வழக்கம். 1930-இல், வண்டியைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடக்கையில், டிராம் வண்டி மோதி இறந்தார்.

ஓய்வு யாருக்கு?

ஆயினும் கடைக்காரரும் வணிகரும் நினைத்தபோது பயணம் போகலாம். சுரங்கத் தொழிலாளி போக முடியுமா? இங்கேதான் வரலாறு நம் விசுவாசத்தைத் தொடுகிறது.

1891-இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், நியாயமான கூலியோடு ஞாயிறு ஓய்வையும் தொழிலாளியின் உரிமையாக வலியுறுத்தியது. அந்த ஓய்வு வெறும் சோம்பல் அன்று, மனிதன் தன் இறைவனை நோக்கித் திரும்பும் நேரம் என்று விளக்கியது. பிரான்சிலோ ஞாயிறு ஓய்வுக்கான பழைய சட்டம் 1880-இல் நீக்கப்பட்டிருந்தது. 1906 மார்ச்சு 10-ஆம் நாள் கூரியேர் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 1,099 பேர் மாண்டனர். நாடு அதிர்ந்தது, வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அதே ஆண்டு சூலை 13-இல் வார ஓய்வுச் சட்டம் நிறைவேறியது.

1936-இல் லேயோன் புளூம் தலைமையிலான அரசு, ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையைத் தொழிலாளர்க்குச் சட்டமாக்கியது. ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்ற லேயோ லக்ராஞ்சை 'சோம்பேறித்தனத்தின் அமைச்சர்' என்று எதிர்ப்பாளர் கேலி செய்தனர். ஆனால் அந்தக் கோடையில் தொழிலாளக் குடும்பங்கள் இருவர் மிதிக்கும் வண்டிகளிலும் பழைய வண்டிகளிலும் நகரை விட்டுப் புறப்பட்டன. தாங்கள் பிறந்த நாட்டின் ஆறுகளையும் வயல்களையும் கடலையும் பலர் முதன்முறையாகப் பார்த்தனர்.

இரவில் அவர்கள் எங்கே தங்குவது? அதற்கு விடை சொன்னவர்களுள் ஒருவர் கத்தோலிக்கப் பொதுநிலையினரான மார்க் சாஞ்ஞியே. கிறித்தவ நெறியையும் மக்களாட்சியையும் இணைக்க 'சியோன்' இயக்கத்தை வழிநடத்தியவர். 1910-இல் திருத்தந்தை 10ஆம் பயஸ் அவ்வியக்கத்தைக் கண்டித்தபோது, மனம் வருந்தினாலும் கீழ்ப்படிந்தார். பின்னர்ச் சமாதானப் பணியில் இறங்கி, 1929-இல் பிரான்சின் முதல் இளைஞர் விடுதியைத் திறந்தார். காசில்லாத இளைஞரும் சிறு தொகையில் தங்கி, பிற நாட்டாரோடு ஒரே மேசையில் உண்ண வழி பிறந்தது.

தென்மேற்கு பிரான்சில் லபஸ்தீத் தார்மஞ்ஞாக் என்னும் சிற்றூர் உண்டு. வயல்வெளி நடுவே பாழடைந்திருந்த பழைய சிற்றாலயம் ஒன்றை, மிதிவண்டியில் ஆர்வம் கொண்ட யோசேப்பு மசீ என்னும் குரு, 1959-இல் 'மிதிவண்டி ஓட்டுநரின் அன்னை' திருத்தலமாக்கினார். திருத்தந்தை 23ஆம் யோவான் அதற்கு இசைவளித்தார். உலகப் புகழ் பெற்ற வீரர்களின் சட்டைகள் அங்குக் காணிக்கையாகத் தொங்குகின்றன. பெயரறியாப் பயணிகளும் அதே மரியன்னையின் முன் வண்டியைச் சாய்த்துவிட்டு முழந்தாளிடுகின்றனர்.

நம் சாலைகளில்

இனி நம் பக்கம் வருவோம். 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியபின், ஹெர்குலிஸ் வண்டி நம் ஊர்களிலும் பெருகியது. பால் கேனும், புல்லுக்கட்டும், கேழ்வரகு மூட்டையும், பின்னால் அமர்ந்த பிள்ளையும் அதன்மீது ஏறின. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் வண்டி எடுத்துக் குரங்குப் பெடல் போட்ட சிறுவர்களைத் தவிர, மகிழ்ச்சிக்காக மிதித்தவர் அரியர். பெண்களுக்கோ அதுவும் இல்லை.

அதை உடைத்தது புதுக்கோட்டை. 1991-இல் அங்கு அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு, எழுத்தறிவையும் மிதிவண்டியையும் சேர்த்தே பெண்களுக்குக் கற்பித்தது. வயல் வேலை செய்வோரும் கல் உடைப்போரும் பல்லாயிரக்கணக்கில் கற்றனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களின் வண்டியிலேயே ஏறினர். நீர் கொணர்வதும் சந்தைக்குப் போவதும் எளிதாயின என்பது உண்மை. ஆனால் அப்பெண்கள் மிகுதியாகப் பேசியது அந்தப் பயனைப் பற்றியன்று. பேருந்துக்கும் ஆணுக்கும் காத்திராமல் தாமே போய்வரும் விடுதலையைப் பற்றி.

2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவியர்க்குத் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டமாக நின்ற தருமபுரிக்கு அதன் அருமை தெரியும். பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே இருந்த சில மைல்களே எத்தனையோ பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியிருக்கின்றன.

இவ்வளவும் நடந்திருக்கிறது. ஆயினும் ஒன்று இன்னும் வந்து சேரவில்லை. உழைப்பவனும் ஓய்வுக்கு உரியவன் என்னும் எண்ணமே அது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் நம் இளைஞர்களுள் எத்தனை பேருக்கு ஞாயிறு விடுமுறை உண்டு? வீட்டுப் பெண்ணுக்கு எந்த நாள் ஓய்வு நாள்? ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை என்று கடிந்துகொள்ளும் நாம், வர விடாத முதலாளியை என்றேனும் கேட்டதுண்டா? நம் கடையில், நம் வயலில், நம் வீட்டு அடுக்களையில் வேலை செய்பவர்க்கு அந்நாளை நாம் கொடுக்கிறோமா?

நம் மாவட்டம் அழகற்றதன்று. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். புளியமரமும் கேழ்வரகுக் கொல்லையும் குன்றுகளும் கடந்து காவிரியில் இறங்கும் அவ்வழியை, பேருந்தின் சன்னலில் பார்த்தவர்கள் நாம். மெதுவாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எம்மாவு நோக்கிச் சென்ற சீடர் இருவரையும் எண்ணிப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களை முந்திச் செல்லவில்லை. அவர்களது நடைக்குத் தம் நடையை இசைத்துக்கொண்டார். வழியில் பேசுவதற்கு நேரம் இருந்தது. மாலையில் அமர்ந்து அப்பம் பிடுவதற்கும் நேரம் இருந்தது. அதனால் அவர்கள் கண்கள் திறந்தன.

சுவரில் சாய்ந்திருந்த அந்தக் கறுப்பு வண்டி பிறருக்காக நெடுங்காலம் உழைத்தது. அதை மிதித்த உபதேசியார் ஓர் ஞாயிறு மாலையேனும் தம் பிள்ளையைப் பின்னால் அமர்த்தி, அவசரமில்லாமல் ஏரிக்கரை வரை போய் வந்திருப்பாரா? அவருக்கு நாம் தராத அந்த மாலையை, இன்று நம்மிடம் உழைப்பவருக்கேனும் தருவோம்.