72 வம்சாவளிகளும் கணக்கில் வராத பெண்களும்

சமூகவியலில் அளவுசார் ஆய்வுமுறை என்றாலே சர்வே, மாதிரி, சராசரி என்றுதான் பாடம் ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால் தோடர் மந்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

1901-ல் ரயில் குன்னூரோடு நின்றுவிடும். அருவங்காட்டில் வெடிமருந்து ஆலை இன்னும் வரவில்லை. ஊட்டிக்கு ரோடு வழியாகத்தான் ஏறணும். அந்த வருஷம் நீலகிரிக்கு வந்தார் கேம்பிரிட்ஜின் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். டாக்டருக்குப் படித்தவர், உளவியல் ஆராய்ச்சியாளர். 1898-ல் டோரஸ் நீரிணைத் தீவுகளில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற சில உறவுச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் பெயர் பெயராக வம்சாவளி கேட்பது. பிறகு அந்தப் பெயர்களையே எண்ணுவது.

தோடர்களிடம் இது லேசில் நடக்கவில்லை. இறந்தவர் பெயரைச் சொல்வது அங்கே விலக்கு. அதனால் ஒருத்தர் குடும்பத்தின் முன்னோர் பெயர்களை வேறு ஆட்களிடம் கேட்டு வாங்கினார்.

அடுத்த சிக்கல், 'அப்பா' யார்? அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு பெண்ணை மணக்கும் வழக்கம் அப்போது உண்டு. கர்ப்ப காலத்தில் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கை யார் செய்தாரோ அவரே அப்பா. இன்னொருவர் அந்தச் சடங்கைச் செய்யும்வரை, பின்னால் பிறக்கும் பிள்ளைகளும் அவர் கணக்கில்தான், அவர் இறந்துபோயிருந்தாலும்கூட! 'தந்தை பெயர்' என்று படிவத்தில் ஒரு கட்டம் போடுகிறோமே, அதற்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

இப்படிச் சேர்ந்த 72 வம்சாவளிகளை 1906-ல் வந்த 'தி தோடாஸ்' புத்தகத்தில் அப்படியே அச்சிட்டார். முடிவை மட்டும் தராமல் மூலத்தரவையும் கொடுத்தார், யாரும் திரும்ப எண்ணிப் பார்க்கலாம். அவருடைய பெரிய கொடை இதுதான் என்பேன்.

1901 குடிக்கணக்கில் தோடர்கள் மொத்தமே சுமார் 800 பேர். ஆண்கள் ஏறத்தாழ 450, பெண்கள் 350. பெண்சிசுக்கொலை இருந்த சமூகம். ரிவர்ஸ் தலைமுறை வாரியாக ஆண், பெண் பெயர்களை எண்ணி விகிதம் பார்த்தார். பழைய தலைமுறைகளில் ஆண்கள் மிக அதிகம், பிறகு அந்த வித்தியாசம் குறைகிறது. சிசுக்கொலை குறைந்து வந்ததற்கு இதை ஆதாரமாகக் காட்டினார்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நினைவிலிருந்து சொல்லும் வம்சாவளியில் பெண்கள் பெயர் சீக்கிரம் உதிர்ந்துபோகும். சின்ன வயதில் செத்த குழந்தை பெரும்பாலும் வரவே வராது. ஒரு பழைய தலைமுறையில் இல்லாத பெண் கொல்லப்பட்டவளா, மறக்கப்பட்டவளா? இரண்டுக்கும் அட்டவணையில் ஒரே வெற்றிடம்தான்.