மலிவுப் பேனாவின் நெடிய ஆயுள்

விலை குறைந்த பொருள் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று நம்புகிறோம். பல பொருள்களில் அது உண்மையும்கூட. ஆனால் மை ஊற்றி எழுதும் சாதாரணப் பேனாவின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை. அந்தப் பேனா நீடித்து உழைத்ததற்குக் காரணம் அதிர்ஷ்டமும் அல்ல, அந்தக் காலத்து மனிதர்களின் சிக்கனம் மட்டும் அல்ல. செய்தவர்கள் எதைக் குறைத்து விலையைக் குறைத்தார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. பாகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். உடலுக்கான பொருளின் தரத்தைக் குறைக்கவில்லை. தேய்ந்த உறுப்பை மட்டும் கழற்றி மாற்றும்படி விட்டுவைத்தார்கள். மலேசியாவின் கலும்பாங், கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு இது எட்ட நின்று பார்க்கும் கதையும் அல்ல. அந்தப் பேனாவின் உடல், அவர்கள் விடியற்காலையில் சீவிய மரத்தின் பாலிலிருந்து செய்யப்பட்ட பொருள்.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையை அங்கிருந்த ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கார் டயருக்கான தேவை ஏற, கோலா குபுவிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் பாதையில் உள்ள கலும்பாங் தொடங்கி கோலா சிலாங்கூர் கடலோரம் வரை தோட்டங்கள் பெருகின. உளியால் சீவி, மங்கில் சேர்ந்த பாலை ஊற்றியெடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக உருட்டி, புகைவீட்டில் காயவைத்துக் கப்பலேற்றினார்கள். பெரும்பகுதி டயருக்குப் போனது. அதே ரப்பரில் 100 பங்குக்கு ஓரிரு பங்கு கந்தகம் கலந்து சூடாக்கினால் டயர்போல மீள்தன்மையுள்ள பொருள் கிடைக்கும். 30 முதல் 50 பங்கு வரை கந்தகம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்தால் கருங்காலி மரம்போலக் கறுத்து இறுகிய எபனைட் கிடைக்கும். நெல்சன் குட்இயர் 1851-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மையில் உள்ள அமிலம் எபனைட்டை அரிக்காது. அதைக் கடைசல் இயந்திரத்தில் இழைக்கலாம், மரை வெட்டலாம். நிப்புக்கு அடியில் நாக்குபோல இருந்து மையைக் கடத்தும் துண்டுக்கும் அதுவே ஏற்றது, ஏனென்றால் மை அதன்மேல் திரளாமல் படர்ந்து ஓடும்.

வெப்பநாட்டில் மலிவுப் பேனாவுக்கு இன்னொரு அனுகூலமும் இருந்தது. மேல்நாட்டு உயர்விலைப் பேனாக்கள் பலவற்றில் மை ஏற்றுவதற்கென்று உள்ளே மெல்லிய ரப்பர்ப் பையும், அதை அழுத்தும் நெம்புகோலும் இருந்தன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மென்ரப்பர் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துக் கிழியும். பை போனால், அதை மாற்றும்வரை பேனாவும் பயன்படாது. மலிவான பேனாவில் பையே கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, சொட்டுக்குழாயால் மையை நேரே கூட்டுக்குள் ஊற்றி மூடிவிட வேண்டியதுதான். கூடு, கழுத்து, மூடி, நிப்பு, நாக்கு, கிளிப்பு என்று ஆறு உறுப்புகளுக்குள் பேனா முடிந்துவிட்டது. இல்லாத உறுப்பு பழுதாவதில்லை. விலையைக் குறைத்த எளிமைதான் ஆயுளையும் கூட்டியது.

இந்த எளிமையை இந்தியச் சுதேசி இயக்கம் தன் வலிமையாக்கிக்கொண்டது. 1932-இல் ராஜமுந்திரியில் தொடங்கிய ரத்னம் பேனாவைச் சிறுபட்டறையிலேயே கடைந்தார்கள். அதைப் பெற்றுக்கொண்ட காந்தி 1935 ஜூலையில் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். கிராமத் தொழில்களுக்காக உழைத்த தஞ்சாவூர்க்காரர் ஜே. சி. குமரப்பாவுக்கும் அந்த முயற்சியில் பங்குண்டு. சென்னைப் பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ, பின்னாளில் திருவள்ளூரில் ரங்கா என்று அதே கைவேலை தமிழ்நாட்டிலும் வேரூன்றியது. சாத்தூரில் நிப்புத் தயாரிப்பு ஊர்த் தொழிலாகவே வளர்ந்தது. தங்க நிப்பு இல்லாத பேனா மட்டம் என்று அப்போது கருதியவர்கள் உண்டு. தங்கம் தேவைப்பட்டது, பழைய இரும்பு மையின் அமிலம் சாதாரண எஃகை அரித்ததால்தான். துருப்பிடிக்காத எஃகும் சாயம் கரைத்த மையும் வந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. காகிதத்தில் உரசித் தேய்வது நிப்பின் உடல் அல்ல, முனையில் பற்றவைத்த கடினமான உலோகப் பொட்டுதான். தங்க நிப்பும் அந்தப் பொட்டை நம்பித்தான் எழுதுகிறது.

தோட்டத் தொழிலாளிக்குப் பேனா எதற்கு என்ற கேள்வி எழலாம். 1920-களின் பிற்பகுதியில் எளிதில் போய்வரக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்த தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஆனாலும் எழுத்துத் தெரிந்த ஒரு தலைமுறை அந்தப் பள்ளிகளிலிருந்து வந்தது. ஊரில் விட்டுவந்த பெற்றோரோடு உறவைக் காக்கக் கடிதத்தை விட்டால் வேறு வழி இல்லை. 1924-இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசும் தொடங்கியபின் வாசகர் எழுத்துக்கும் இடம் பிறந்தது. கூலி உயர்வு கேட்டு 1941-இல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களுக்குப் பரவிய வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், தமிழ் நேசனில் பணிபுரிந்தவர். இப்படிப்பட்ட சமூகத்தில் பேனாவின் மதிப்பை அதன் விலைச்சீட்டைக் கொண்டு அளக்க முடியாது. கூலியிலிருந்து ஒருமுறை ஒதுக்கும் பணத்துக்கு எத்தனை ஆண்டு எழுதலாம் என்பதே சரியான கணக்கு.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் உண்மையும் உண்டு. சொட்டுக்குழாயால் நிரப்பும் பேனா கசியும். மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். வெயில் பட்ட எபனைட் பழுப்பும் பச்சையுமாக மங்கும். ஆனால் மங்கிய பேனா எழுதுவதை நிறுத்துவதில்லை. பாதி தீர்ந்ததும் நிரப்பினால் கசிவும் பெரிதும் அடங்கும். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: இன்று மிஞ்சியிருக்கும் நல்ல பேனாக்களை மட்டும் பார்த்து, குப்பைக்குப் போனவற்றை மறந்துவிடுகிறோம் என்பது. மட்டமான பேனாக்களும் விற்றன, சந்தேகமில்லை. அதனால்தான் மிஞ்சிய பேனாக்களைச் சான்றாகக் கொள்ளாமல் சாத்தூரைச் சான்றாகக் கொள்கிறேன். அங்கே செய்த நிப்புகள் புதுப் பேனாக்களுக்குப் போனதோடு, கடைகளில் தனியாகவும் விற்றன. நிப்புத் தேய்ந்ததும் பேனாவைத் தூக்கியெறியும் வழக்கம் இருந்திருந்தால் தனி நிப்பை யார் வாங்கியிருப்பார்கள்? மூன்றாவது, பந்துமுனைப் பேனா இதைவிட மலிவு, கசியாது, கார்பன் தாளுக்கும் தோது என்பது. 1945-இல் நியூயார்க்கில் பன்னிரண்டரை டாலருக்கு விற்ற அந்தப் பேனா, 1950-இல் வந்த பிக் போன்றவற்றால் எல்லார் கைக்கும் எட்டியது உண்மையான நன்மை. ஆனால் அது பேனாவை வாங்கித் தீர்க்கும் பண்டமாக மாற்றியது. வாங்கும்போது குறைந்த செலவு, திரும்பத் திரும்ப வாங்குவதில் வளர்ந்தது.

எபனைட்டோடு இந்த வாதம் முடிந்துவிடவில்லை. 1931-இல் தொடங்கிய ஷாங்காய் நிறுவனம் ஒன்று பின்னர் ஹீரோ என்று பெயர் பெற்று, பார்க்கர் 51-இன் வடிவத்தை ஒட்டி 616 என்ற மலிவுப் பேனாவைச் செய்தது. அதன் உடல் பிளாஸ்டிக். உள்ளே பையும் உண்டு. ஆனால் மென்ரப்பருக்குப் பதில் எளிதில் மக்காத பிளாஸ்டிக் பை. நிப்பை மூடிய கழுத்து மை உலராமல் காத்தது. கழற்றிக் கழுவவும் முடிந்தது. பொருள் மாறியும் கொள்கை மாறவில்லை. இன்று வட சிலாங்கூரில் பெரும்பாலான ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. தோட்டத் தமிழரின் பிள்ளைகள் நகரங்களில் வேலை பார்க்கிறார்கள். குறைந்த வருமானக்காரருக்கென்று விற்கும் கைப்பேசி முதல் மிதியடி வரை பலவும் பழுது பார்க்க முடியாதபடியே கடைக்கு வருகின்றன. ஏழைக்கு இப்படித்தான் செய்ய முடியும் என்பது வாதமல்ல, சாக்கு. மலிவாகவும், திருகிக் கழற்றும்படியாகவும், தேய்ந்ததை மட்டும் மாற்றும்படியாகவும் ஒரு பொருளைச் செய்து லட்சக்கணக்கில் விற்க முடியும் என்பதை மைப்பேனா பல பத்தாண்டுகள் நிரூபித்தது. அதைவிடக் குறைவானதைத் தருபவர்களிடம் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு.