தோளிலிருந்து இறங்கிய சுமை: ஜப்பானில் பனிச்சறுக்குப் பார்சல் சேவையின் வரலாறு

முன்னுரை

டோக்கியோவிலிருந்து நகானோ மலைகளுக்குப் பனிச்சறுக்கப் போகும் ஒருவர் இன்று கைவீசிக்கொண்டு ரயிலேறலாம். அவருடைய சறுக்குப் பலகைகளும் ஊன்றுகோல்களும் பூட்ஸும் முதல் நாளே விடுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். திரும்பும்போது விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இது வசதி படைத்தவர்களுக்கென எழுந்த ஆடம்பரச் சேவை போலத் தோன்றலாம். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. ரயில்வே கைநழுவவிட்ட ஒரு பணியையும் குளிர்காலத்தில் சரக்கு குறைந்துபோன லாரிகளையும் ஒருசேரக் கவனித்தவர்களால் பிறந்த சேவை இது. அந்த வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரயில்வே காலம்

ஆஸ்திரிய-ஹங்கேரிய இராணுவ அதிகாரி தியோடர் ஃபான் லெர்ச், 1911 ஜனவரியில் நீகாதா மாநிலத்தின் தக்காதா நகரில் ஜப்பானிய வீரர்களுக்குப் பனிச்சறுக்குக் கற்பித்தார். இராணுவப் பயிற்சியாகத் தொடங்கியது பிற்காலத்தில் மக்களின் விளையாட்டாயிற்று. 1972இல் சப்போரோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் அதற்கு மேலும் ஊக்கம் தந்தது. ஆனால் பலகை, பூட்ஸ், கம்பளி உடை எல்லாம் சேர்ந்தால் பத்துக் கிலோவை எளிதில் தாண்டும். நெரிசலான ரயிலில் ஆளுயரப் பலகையைச் சுமந்து செல்வது பயணிக்குப் பாரம், பக்கத்தில் நிற்பவருக்கு இடைஞ்சல்.

பயணியை ஒரு வழியாகவும் சுமையை வேறொரு வழியாகவும் அனுப்பும் முறை ரயில்வேயில் முன்பே இருந்தது. பயணச்சீட்டைக் காட்டிப் பெட்டியைப் பதிவு செய்தால், அது சேர வேண்டிய நிலையத்துக்குத் தனியே போகும். ஜப்பானியர் இதைச் ‘சிக்கி’ என்றனர். ஆனால் அந்தச் சேவை நிலையத்தோடு நின்றுவிடும். வீட்டிலிருந்து நிலையத்துக்கும், அங்கிருந்து மலை விடுதிக்கும் பயணிதான் சுமக்க வேண்டும்.

1975 நவம்பர் 26 முதல் எட்டு நாட்கள் தேசிய ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ரயில்களை நம்பியிருந்த சரக்குப் போக்குவரத்து லாரிகளின் பக்கம் மேலும் சாய்ந்தது. 1986இல் ரயில்வேயின் பார்சல் ரயில்களே முடிவுக்கு வந்தன.

வாசலுக்கு வந்த லாரி

1919இல் நான்கு லாரிகளோடு ஒகுரா யாசுவோமி தொடங்கிய யமாதோ நிறுவனம், 1970களில் நெருக்கடியில் இருந்தது. எண்ணெய் விலையேற்றம் மொத்தச் சரக்குத் தொழிலை உலுக்கியிருந்தது. தந்தைக்குப் பின் 1971இல் பொறுப்பேற்ற ஒகுரா மசாவோ, பெருநிறுவனங்களின் சரக்கைத் துரத்துவதை விட்டுவிட்டுக் குடும்பங்களின் பக்கம் திரும்பினார். 1976 ஜனவரி 20 அன்று ‘தக்கியூபின்’ தொடங்கியது. ஒரே பொருளானாலும் தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள், மறுநாளே சேர்ப்பார்கள், கட்டணமும் முன்கூட்டியே தெரிந்த ஒரே சீரான கட்டணம். முதல் நாளில் வந்தவை வெறும் 11 பார்சல்கள். அரிசிக் கடைகளும் மதுக்கடைகளும் பார்சல் வாங்கும் முகவர்களாயின. முதல் நிதியாண்டில் எண்ணிக்கை 17 லட்சத்தைத் தொட்டது.

ஆப்பிள் முடிந்த பிறகு

பனிச்சறுக்குச் சேவையின் கரு நகானோவில் உருவானது. அது ஆப்பிள் விளையும் மாநிலம். இலையுதிர் காலத்தில் லாரிகளுக்கு ஓய்வே இராது. அறுவடைச் சரக்கு அனுப்பி முடிந்ததும் குளிர்காலத்தில் வேலை குறைந்துவிடும். அதே குளிர்காலத்தில்தான் பலகைகளைத் தோளில் சுமந்தபடி நகரத்தார் கூட்டம் கூட்டமாக வந்திறங்கினர். இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தவர்கள் யமாதோவின் நகானோ கிளை ஊழியர்களே. 1983 டிசம்பரில் ‘ஸ்கீ தக்கியூபின்’ தொடங்கியது.

இதன் பொருளாதார நுட்பம் கவனிக்கத்தக்கது. சரக்கு லாரிக்குப் பெரிய நட்டம், திரும்பும்போது காலியாக வருவது. ஆப்பிள் ஒரு திசையில் மட்டுமே போகும். சறுக்குப் பலகையோ மலைக்குப் போவது போலவே வீட்டுக்கும் திரும்பியாக வேண்டும். ஒரு வாடிக்கையாளர், இரண்டு பயணம். அடுத்த ஆண்டே கோல்ஃப் மட்டைகளுக்கும் இதே முறை விரிந்தது.

காலமும் கைகொடுத்தது. 1982 நவம்பரில் ஜோயெட்சு ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 1985இல் கான்-எட்சு விரைவுச்சாலை முழுமையடைந்து, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே பனிநாட்டை டோக்கியோவோடு இணைத்தது. ரயில் மனிதர்களையும் சாலை சுமையையும் விரைவுபடுத்தின. 1990 டிசம்பரில் சறுக்குத் திடலோடு ஒட்டிய காலா யுசாவா நிலையமே திறக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் பனிச்சறுக்கும் ஜப்பானியர் எண்ணிக்கை சுமார் 1 கோடியே 80 லட்சம் என மதிப்பிடப்பட்டது.

தடைகள் இல்லாமலில்லை. புதிய வழித்தடத்தில் லாரி ஓட்ட அரசின் உரிமம் வேண்டும். அது எளிதில் கிடைக்கவில்லை. 1986இல் யமாதோ போக்குவரத்து அமைச்சர்மீது வழக்கே தொடுத்தது. 1990இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இயற்கையும் சோதித்தது. தொடக்கக் குளிர்காலம் ஒன்றில் கடும்பனியால் லாரிகள் நின்றுபோக, பலகை வராத விருந்தினர்களின் வாடகைப் பலகைச் செலவை நிறுவனமே ஏற்றது. விளையாடும் நாளில் வராத பலகையால் பயனில்லை என்பதை உணர்ந்த செயல் அது.

இன்றைய நிலை

இன்று நரிதா, ஹனேதா, நியூ சித்தோசே விமான நிலையங்களிலேயே கூரியர் முகப்புகள் இருக்கின்றன. பனிச்சறுக்குத் தலங்களான ஹக்குபாவுக்கும் நிசேகோவுக்கும் வரும் வெளிநாட்டவரும் அங்கேயே பலகையை ஒப்படைக்கலாம். படிவத்தில் பயன்படுத்தும் நாளைக் குறிப்பிட வேண்டும்; பார்சல் அதற்கு முதல் நாளே சேருமாறு ஏற்பாடு. ஊர் திரும்பும்போதும் விமானம் ஏறும் நாளுக்கு முதல் நாளே விமான நிலையத்தில் இருக்குமாறு அனுப்ப வேண்டும். போகவர இரு வழிக்கும் சேர்த்துப் பதிந்தால் கட்டணம் சற்றுக் குறையும். பனிப்புயலில் சாலை மூடப்படும் நாட்களும் உண்டு என்பதால், ஓரிரு நாள் முன்கூட்டி அனுப்புவதும் ஒரு நாளைக்கான உடையையும் மருந்தையும் கையில் வைத்துக்கொள்வதும் அறிவுடைமை.

முடிவுரை

பயணியிடமிருந்து சுமையைப் பிரிக்கும் எண்ணம் ரயில்வேயினுடையது. அதை வாசல்வரை கொண்டுசென்றது 1976இன் லாரி. பனிமலைக்கு ஏற்றியவர்களோ, ஆப்பிள் முடிந்த குளிர்காலத்தில் எதிரே வந்தவரின் தோளைக் கவனித்த மாநிலக் கிளை ஊழியர்கள். சட்டமும் சாலையும் ரயிலும் இந்தச் சேவையை வளர்த்தன. அதைப் பிறப்பித்தது அந்தக் கவனிப்பே.